நான்கு நிமிடம் பத்து விநாடி

காலை எட்டேகாலுக்கு, மூன்றாம் மாடித் தாழ்வாரத்தின் கோடியில், கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த சிவப்பு உருளையைக் காலால் நகர்த்துகிறார். தீயை அணைப்பதற்கென்று வாங்கிய உருளை அது. கனத்த கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடித்து நிற்பதுதான் அந்தக் கட்டடத்தில் அதற்குக் கிடைத்த உத்தியோகம். அதைத் தூக்கிச் சுவரில் மாட்டிவிட்டு, கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வரை நின்று பார்க்கிறார். “சாத்தின கதவு காவக்காரன், திறந்த கதவு ஊதுகுழல்,” என்று ஆளில்லாத தாழ்வாரத்துக்குச் சொல்லிவிட்டு இறங்குகிறார். நாளைக் காலையில் உருளை மறுபடி கதவடியில்தான் இருக்கும். அவருக்கும் அது தெரியும்.

பல்கலைக்கழகத்தில் அவர் தீப் பாதுகாப்பு அலுவலர். மாணவர்கள் வைத்த பெயர் ‘சாத்து சார்’. கதவைச் சாத்தச் சொல்வதாலா, பேச்சாலேயே நாலு சாத்து சாத்துவதாலா என்பதில் மாணவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. ஆள் தொண்ணூற்றாறு கிலோ. கழுத்துக் கயிற்றில் ஓர் ஊதலும் ஒரு ஸ்டாப்வாட்சும் தொங்கும். ஊதலைக் கேட்டால் கொடுப்பார், ஸ்டாப்வாட்சைத் தொட விடமாட்டார். “இது பேனா மாதிரிங்க, கை மாறினா கெட்டுடும்.” படியிறங்கும்போது கைப்பிடியிலிருந்து கையை எடுத்ததே இல்லை. கையை வீசிக்கொண்டு இறங்குகிற மாணவனைக் கண்டால் ஊதிவிடுவார்.

“சினிமாவுக்குப் போனா இவர் திரையப் பார்க்க மாட்டாருங்க. வெளியே போற வழின்னு பச்சையா எரியுமே, அதைத்தான் பார்ப்பாரு,” என்பது மனைவியின் புகார். மகளுக்கு வாடகை வீடு பார்க்கப் போனபோது, “வீட்டுக்கு வீடு வாசப்படிம்பாங்க. எனக்கு ரெண்டு வாசப்படி வேணும்,” என்று சொல்லி, நல்ல வீடு ஒன்றைக் கைநழுவ விட்டவர் அவர். மகள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

பருவத்துக்கு இரண்டு முறை ஒத்திகை. மணி அடித்தால் ஐந்து மாடியும் காலியாகி மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். பையை எடுக்கப் போனேன், தேநீர் ஆறிவிடும் என்றெல்லாம் சொல்லி வராமலிருந்தவர்களின் பட்டியல் அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் ஏறும். தலைப்பு: ‘இன்று கருகியவர்கள்’. ஒரு முறை அதில் துணைவேந்தரின் பெயரும் இருந்தது. கூப்பிட்டு அனுப்பினார்கள். “மீட்டிங்ல இருந்தேன்யா,” என்றார் துணைவேந்தர். “நெருப்புக்கு அது தெரியாதுங்களே ஐயா,” என்றார் இவர். அடுத்த ஒத்திகையில் மைதானத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர் துணைவேந்தர்தான்.

அப்படி விரட்டி விரட்டிச் சம்பாதித்த சாதனை நான்கு நிமிடம் பத்து விநாடி. வாசலில் பெரிய பலகையில் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார்.

மூன்றாம் மாடியில் புள்ளியியல் பேராசிரியை ஒருவர் இருக்கிறார். சக்கர நாற்காலியில் வருபவர். மணி அடித்தால் லிஃப்ட் நின்றுவிடும் என்பதால், ஒத்திகையன்று காலையில் சாத்து சாரே அவருக்குப் போன் செய்து, “அம்மா, பதினோரு மணிக்கு அடிக்கப் போறோம், பத்தரைக்கே கீழ வந்துடுங்க,” என்று சொல்லிவிடுவார். அதை உபகாரம் என்றே நினைத்திருந்தார். சென்ற மாதம் அந்த அம்மா பலகையின் முன்னால் நாற்காலியை நிறுத்தினார்.

“இந்த நாலு நிமிஷம் என்னைக் கழிச்சுட்டுப் போட்ட கணக்குதானே சார்?”

“உங்களுக்குத்தான் முன்னாடியே சொல்லிடறோமேம்மா.”

“நெருப்பும் முன்னாடியே போன் பண்ணுமா சார்?”

துணைவேந்தர் மேல் வீசிய அஸ்திரம் அது. இப்போது வீசிய சாத்து சார் மேலேயே திரும்பி வந்தது. அத்தனை வருஷமாக ஓர் உயிரை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றே ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்துப் பலகையைத் துடைத்தார். தீப் பாதுகாப்பு அலுவலர் வேலை நேரத்தில் மண்ணெண்ணெயைத் தொட்டது அந்த ஒரு நாள்தான்.

படியில் ஆளை உட்கார்த்தி இறக்கும் நாற்காலி ஒன்று, வாங்கிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் சாமான் அறையில் இரண்டு வருஷமாகக் கிடந்தது. அதை வெளியே எடுத்தார். வாசல் காவலாளிக்கும் ஆய்வக உதவியாளர் அக்காவுக்கும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் சோதனையில் மணல் மூட்டையை உட்கார வைத்தார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்து, மூட்டை உருண்டு வெடித்தது. பேராசிரியை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“மணலைப் பெருக்கி அள்ளிடலாம் சார். என்னை?”

அதன் பிறகு பன்னிரண்டு நாள் விடாமல் பழகினார்கள். மூட்டை ஒரு முறைகூட விழவில்லை. இருந்தும், ஒத்திகைக்கு முதல் நாள் பேராசிரியை படிமுனைக்கு வந்து, “பயமா இருக்கு சார். அந்த மூட்டை கண்ணுலயே நிக்குது. நான் பத்தரைக்கே கீழ போயிடறேனே,” என்றார். காவலாளியின் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

சாத்து சார் மூட்டையை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். நாற்காலி முனகியது.

“சார், தொண்ணூத்தாறு கிலோ சார்!” என்றார் காவலாளி.

“நான் வந்துட்டா அம்மா தாராளமா வரலாம்ல? வாரை இறுக்குய்யா.”

“கையை நெஞ்சுல கட்டிக்கணும் சார். கைப்பிடியைப் பிடிச்சீங்கன்னா மூணு பேரும் சேர்ந்து உருளுவோம்,” என்றார் அக்கா, அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவருக்கே.

கழுத்துக் கயிற்றைக் கழற்றி, ஸ்டாப்வாட்சைப் பேராசிரியையின் உள்ளங்கையில் வைத்தார். “நேரம் நீங்க பாருங்கம்மா.”

நாற்காலி பின்னால் சாய்ந்து முதல் படியின் விளிம்பைத் தாண்டியது. அவருடைய வலது கை பழக்கதோஷத்தில் கைப்பிடியை நோக்கிப் போனது. பாதி வழியில் அதை இழுத்து அக்குளுக்குள் இறுக்கிச் செருகிக்கொண்டு, “ம், இறக்குங்க,” என்றார்.