பதினொரு மணிக்குச் சிரித்த முகம்

எனக்கு ஆஸ்துமா. தினமும் காலை பதினொரு மணிக்கு, டாக்டர் என் போனில் போட்டுக் கொடுத்த ஒரு ஆப் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கும். நன்றாக இருந்தால் சிரித்த முகத்தையும், இழுத்தால் அழுத முகத்தையும் தொட வேண்டும். ஆனால் எம். புதுப்பட்டியில் நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கூடாது. கேட்டில் வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுத்தான் போவோம். ஆப்பில் வேலை நாட்களின் கட்டங்கள் காலியாகக் கிடக்கும் என்றே நினைத்திருந்தேன்.

"நல்லாத்தானே இருக்கீங்க" என்று ஆப்பைப் பார்த்து டாக்டர் மருந்தைக் குறைத்தார். இழுக்கிறதே என்றேன். "அது மனசுல பயம்மா" என்று போனைத் திருப்பிக் காட்டினார். வரிசையாகச் சிரித்த முகங்கள். எப்போது தொட்டேன்? எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

மறுவாரம் கம்பெனியில் பட்டாசு மருந்துத் தூசியில் நெஞ்சு அடைத்தது. கேட்டில் வைத்திருந்த பையிலிருந்து இன்ஹேலரை எடுக்க ஓடினேன். மேசை மேல் என் போன் கத்தியது. மணி பதினொன்று. வாட்ச்மேன் அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்த முகத்தை அமுக்கினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"இத அமுக்குனாத்தேன் வாய மூடுது. தெனமும் நாந்தேன் பாத்துக்கிடுறேன்ல, நீ பதறாம வேலையப் பாரு தாயி."