நில்ஸ்யா

போன வாரம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் பெண் ஒருத்தி கைபேசியில் தமிழில் பேச, அது ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு ரஷ்ய மொழியில் வழி சொன்னது. மூவரும் சிரித்தார்கள். கடலூர் பஸ்ஸை விட்டுவிட்டு நானும் நின்று சிரித்தேன்.

அந்த மொழியோடு நான் பட்ட பாடு அப்படி. பல வருஷத்துக்கு முன் கடலூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். வாரம் இரண்டு மாலை சிதம்பரம் வந்து ரஷ்யன் படிப்பேன். ரஷ்யாமேல் பெரிய காதல் என்று நினைத்துவிடாதீர்கள்; பிரெஞ்சு வகுப்பில் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பாச்சை உருண்டை வாசமடிக்கும் பழைய அகராதி எப்போதும் என் பையில் இருக்கும். இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான்.

ஒருநாள் வகுப்பு வாசலில் செல்வி மூச்சிரைக்க வந்து நின்றாள். என் பள்ளித் தோழி, பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஏய், ரஷ்யாக்காரம்மா ஒருத்தவங்க படியில விழுந்து காலைக் கிழிச்சிக்கினு வந்திருக்காங்க. ஊசிய எடுத்தாலே நில்லுய்யா, நில்லுய்யான்னு கத்துறாங்க. என்னைப் போயி அய்யாங்கிறாங்கடி! சீக்கிரம் வா."

கட்டிலில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள், முகம் வெளுத்துக் கிடந்தார். "நில்ஸ்யா, நில்ஸ்யா" என்றார். அகராதியைப் புரட்டினேன். 'நி' வரிசையில் அப்படியொரு சொல்லே இல்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம்தான் வகுப்பில் கேட்டது உறைத்தது: அழுத்தம் விழாத 'நெ'யை அவர்கள் 'நி' போலத்தான் உச்சரிப்பார்கள். 'நெ' வரிசையில் இருந்தது. கூடாது என்று பொருள்.

"பயத்துல சொல்லல டாக்டர். ஊசி போடக் கூடாதுங்கிறாங்க."

"ஏன்?" என்று ரஷ்யனில் கேட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று கொட்டினார். எனக்குப் பிடிபட்டவை இரண்டுதான்: பெனிசிலின், அலர்ஜி. டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். வேறு மருந்து எழுதினார். செல்வி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"உனக்கு பிரெஞ்சு கிளாஸ்ல இடமில்லாதது எவ்ளோ நல்லதா போச்சு" என்றாள்.

வேரா என்ற அந்த அம்மாள் ஊருக்குப் போய் எனக்குக் கடிதம் எழுதினார். ஒரு கடிதம் படிக்க எனக்கு ஒரு வாரம், பதில் எழுத இரண்டு வாரம். அப்படித்தான் மொழி வந்தது. இன்று ரஷ்யக் குழந்தைக் கதைகளை நேரடியாகத் தமிழில் கொண்டுவருவதே என் வேலை. மூன்றாவது புத்தகம் அச்சில் இருக்கிறது.

அந்த மாலை வகுப்பு இப்போது இல்லை. வேரா அம்மாளின் கடிதங்களும் நின்றுவிட்டன. கலர் தபால்தலை ஒட்டிய உறையைத் தெருமுனையிலிருந்தே ஆட்டிக்கொண்டு, "யம்மா, ரஷ்யா வந்திருக்குது!" என்று தபால்காரர் கூவும் குரல் எங்கள் தெருவில் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது.