சூளைச் சூட்டில் காய்ந்த தக்காளி விதை

எங்கள் மொட்டை மாடியில் தக்காளி வளர்ந்தது வாஷ்பேசின்களில். சூளையில் விரிசல் விட்டவை, கோணிக்கொண்டவை, விற்பனைக்கு ஆகாதவை. கணவர் பீங்கான் பட்டறையில் பொம்மை வார்க்கிறவர். ஒதுக்கிப் போட்டதை அங்கங்கே கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். ஒருமுறை ஒரு கக்கூஸ் பீங்கானும் வந்தது. அதிலும் மண் நிரப்பி நட்டேன். எல்லாவற்றையும்விட அந்தச் செடிதான் அதிகம் காய்த்தது. ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பழம் கொடுத்தால் பெண்கள் கை நீட்டுவதற்கு முன் கேட்பார்கள்: “பேசின்ல காய்ச்சதா, கக்கூஸ்ல காய்ச்சதா? சொல்லிட்டுக் குடு.” புதுசுதான், யாரும் உட்காராதது என்பேன். “உக்காரலன்னாலும் அது கக்கூஸுதானே!”

கடையில் கிடைத்த ஒட்டுரகத் தக்காளி எனக்குப் பிடிக்காமல் போனது இரண்டாயிரத்துக்குப் பிறகுதான். அது லாரிக்காகப் பிறந்த பழம். தூக்கி எறிந்தாலும் உடையாது. அதன் விதையைப் போட்டால் தாயைப் போல வராது. ஏதோ ஒன்று வரும். விதை போட்டால் அப்படியே திரும்பி வருகிற ரகங்களைத் தேடத் தொடங்கினேன். மலைப்பக்கத்துக் கான்வென்ட்டுக்கு மாற்றலாகிப் போன சிஸ்டர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது மஞ்சள் பழம் ஒன்று கொண்டுவந்தார். மங்கலம்பேட்டை ஜவுளிக்கடைக்காரரின் தம்பி துபாயிலிருந்து வரும்போது, விரல் நீளத்துக்கு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். சந்தையில் ஒரு கூடையின் அடியில் காம்பைச் சுற்றித் தோள்பட்டை கறுத்த பழம் கிடைத்தது. கொத்துக் கொத்தாய்க் கோலிக்குண்டு போலக் காய்ப்பது ஒன்று. விடிந்ததும் மாடிக்குப் போவேன். இலையில் கை பட்டால் அந்த வாசனை மதியச் சோறு வரைக்கும் விரலில் இருக்கும். பச்சையும் இல்லாமல் கசப்பும் இல்லாமல், மழைக்கு முந்தைய காற்றுக்குப் பித்தளை பூசியது போல.

ஒரு வருடம் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து அறையில் கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. சுரங்கத்துக்காக நிலம் போய்விட்டது. மாற்று மனையில் வீடு எழும்புகிற வரை இங்கே. அந்த வீட்டுக்காரி என்னைவிடச் சிறியவள், வாய்த்துடுக்கு. ஐப்பசியில் ஒரு நாள் கடைசியாகக் கொல்லையைப் பார்த்துவிட்டு வந்தவள் பையைக் கவிழ்த்தாள். மடிப்பு மடிப்பாய், பூசணிக் குட்டி மாதிரித் தக்காளிகள்.

“இதுக்கு மேல அங்க செடி கெடையாதுக்கா. மிஷின் வந்து நிக்குது. பாதி குழம்புக்குப் போயிடுச்சு, மீதி இதுதான். நீங்கதான் வெதை எடுப்பீங்களே, எடுத்து வைங்க. புது வூட்டுப் பின்னால ரெண்டு செடி போட்டாப் போதும், அது என் கொல்லைன்னு நெனச்சிக்குவேன்.”

எனக்குக் கை பரபரத்தது. அதோடு என் மற்ற ரகங்களும் அப்போது பழுத்திருந்தன. எல்லாவற்றையும் தனித்தனி டம்ளரில் பிழிந்து, தண்ணீர் ஊற்றி, புளிக்க வைத்தேன். நுரை கட்டியதும் மேலே மிதப்பதைப் பாத்திரம் கழுவுகிற இடத்துச் சாக்கடை ஓரமாகக் கொட்டிவிடுவேன். அடியில் தங்குகிற கனத்த விதைதான் நல்ல விதை. அலசி, அந்தந்த ரகத்துக்கு ஒரு பீங்கான் சாஸர் என்று பரப்பிவைத்தேன்.

மழை விடவில்லை. வெயில் என்பது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளியாகிவிட்டது. மூன்றாம் நாள் சாஸர்களில் பூஞ்சை வாடை. நான் விசிறி போட்டேன், மின்சாரம் போனது.

“எங்கிட்ட குடு. சூளைப் பக்கத்துல வச்சு காயவச்சிக் கொண்டாரேன்,” என்றார் கணவர்.

பட்டறையில் வார்த்த பொம்மைகளைச் சுடுவதற்கு முன் சூளையை ஒட்டிய ரேக்கில்தான் அடுக்குவார்கள். உள்ளே கொஞ்சம் ஈரம் தங்கினாலும் சூட்டில் பொம்மை வெடித்துவிடும். ஆகவே ஈரம் என்றால் அவருக்குப் பகை. இத்தனை வருடப் பழக்கம் அது. விதையையும் அதே கவனத்தோடு காயவைத்திருக்கிறார். சாஸரைத் திருப்பித் திருப்பி வைத்து, டீ குடிக்கப் போகும்போதுகூட ஒருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு. கொண்டுவந்து என் காதருகே உலுக்கிக் காட்டினார். மணல் போலக் கலகலத்தது.

“ஒரு சொட்டு ஈரம் கெடையாது. கேட்டியா சத்தத்த?”

கேட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்கழியில் விதைத்தேன். ஒரு வாரம், பத்து நாள். மண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு பேசினைக் கிளறி விதையை எடுத்து நகத்தால் நசுக்கினேன். உள்ளே பழுப்பாய், பொரித்த வெங்காயத்தின் ஓரம் போல இருந்தது. கணவர் இன்னொன்றை எடுத்துத் தானும் நசுக்கிப் பார்த்தார்.

“வேகவச்சிட்டேனா?”

“பொம்மையா இருந்தா நல்லா வந்திருக்கும்.”

பின்பக்கத்து அறைக்காரியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “எல்லாமேவா?” என்றாள். ஆமாம் என்றேன். “நானும் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கணும். குழம்பு ருசியில வுட்டுட்டேன்,” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் மாடிப்பக்கம் வரவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. வாளியை நகர்த்துகிற சத்தம்தான் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

மூன்றாம் நாள் பாத்திரம் கழுவப் போனவள் அங்கிருந்தே கத்தினாள்: “அக்கா! இங்க வாங்க, ஓடி வாங்க!”

சாக்கடை ஓரம், சோப்பு நுரைக்கும் மீன் செதிலுக்கும் நடுவில், இத்தனை நாள் களை என்று நாங்கள் விட்டிருந்த பச்சைக்குள், தக்காளி நாற்று ஒரு கும்பல். சில ஏற்கெனவே சாண் உயரம். ஆகாது என்று நான் கொட்டிய மிதப்பு. ஆனால் எல்லா ரகத்து நுரையும் ஒரே இடத்தில்தான் கொட்டினேன். மஞ்சள் எது, துபாய் எது, அவள் கொல்லை எது? நாற்றில் எதுவும் தெரியாது. அவளுக்கும் தெரியவில்லை. இலையைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, “எல்லாம் தக்காளி நாத்தந்தான் அடிக்குது,” என்றாள். ஒன்றைக்கூடப் பிடுங்கிப் போடாமல் அத்தனையும் பேசின்களுக்கு மாற்றினோம். இடம் போதாமல் அவள் சோற்றுக் குண்டானையும் கொடுத்தாள். கணவர் தண்ணீர் மட்டும் தூக்கினார். செடியைத் தொடச் சொன்னாலும் தொடவில்லை.

வீடு முடிந்துவிட்டது, சித்திரையில் பால் காய்ச்சுகிறோம் என்று அவள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பங்குனிக்குள் காய்க்க வேண்டும். முதலில் கொத்துத் தக்காளி வந்தது, பிறகு நீளமானது, இன்னொரு நீளமானது. ஒவ்வொரு காயும் உருண்டு திரளும்போது அவள் மாடியேறி வந்து பார்ப்பாள். “இது சிஸ்டர் பழம்,” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு இறங்குவாள். குண்டானில் இருந்த செடி மட்டும் பூப்பதும் உதிர்வதுமாகப் போக்குக் காட்டியது. கடைசியில் அதுதான் காய் பிடித்தது. காம்பைச் சுற்றி ஐந்தாறு மடிப்பு.

முதல் பழத்தை அவள் உப்புக்கூட வைக்காமல் நின்றபடியே கடித்தாள். நானும் கணவரும் அவள் வாயையே பார்த்தோம்.

“புளிப்பு கொஞ்சம் மட்டு. எங்க மண்ணு வேற, இல்ல?” என்றாள். பிறகு மோவாயில் வழிந்த சாற்றைப் புறங்கையால் துடைத்தாள். “இதுதான்க்கா.”

புறப்படுகிற அன்று, வெயிலில் வாடிக்கொண்டிருந்த அந்தச் செடியில் இருந்த பழம் அத்தனையும் பறித்தாள். ஒன்று நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வெளியே வண்டியில் பீரோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“கேக்காதீங்கக்கா. உங்ககிட்ட இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது. காச்சதும் நானே எடுத்துட்டு வரேன்.”

பையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கி, “போயிட்டு வரேங்க்கா,” என்றாள். வண்டி தெரு முனையில் திரும்பும்வரை அந்தப் பையிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.