பின் இருக்கைக்குத் தனி ஏ.சி.

என் மருமகனைக் கேட்டால், நான் வாயைத் திறந்தாலே புளுகுதான் என்பான். இருக்கட்டும். காரின் வேகத்தை வேண்டுமானால் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

கார் வாங்கும் வசதி எனக்கில்லை. ஆனால் டெஸ்ட் டிரைவுக்கு யாரும் காசு கேட்பதில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு ஷோரூமுக்குள் நுழைந்தால் போதும். அரை மணி நேரம் ஒருவர் ‘சார், சார்’ என்று கூடவே பேசிக்கொண்டு வருவார். மனைவி இறந்து நான்கு வருடம். வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டி.வி.தான். அதனால் மாதம் ஒரு ஷோரூம் என்று வைத்துக்கொண்டேன்.

அன்று செவ்வாய். மாலை 5:40. நான்கு கதவு ஸ்போர்ட்ஸ் செடான், கறுப்பு. ஓட்டியது நான். பக்கத்தில் விற்பனையாளர், டையும் கட்டி, தொண்டையும் கட்டியிருந்தது அவருக்கு.

“நாலே செகண்டுல நூறு சார். மிதிச்சுப் பாருங்க.”

மிதித்தேன். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. வயிறு மட்டும் ஷோரூம் வாசலிலேயே நின்றுவிட்டது.

அவர் பின்னால் திரும்பினார். “பயந்துட்டீங்களாம்மா?”

கண்ணாடியில் பார்த்தேன். பின் இருக்கை காலி. காதில் போன் மாட்டியிருப்பார் என்று நினைத்தேன்.

5:48. பெரிய வளைவு. கார் இம்மிகூடச் சாயவில்லை. ஆனால் பின்னால் தோல் இருக்கை நெரிபட்டது. கிரீச்... யாரோ நகர்ந்து உட்கார்வதுபோல.

“கால் நீட்ட இடம் போதுதாம்மா? ஏ.சி. உங்களுக்குத் தனி. இஷ்டத்துக்கு வச்சுக்கலாம்.”

திரையில் பின் இருக்கை ஏ.சி.யின் எண் இறங்கியது. 24... 21... 17...

அவர் காதைப் பார்த்தேன். போன் இல்லை.

என் பிடரியில் குளிர்.

“யார்கிட்டங்க பேசறீங்க?”

“அம்மாகிட்டதான் சார். உங்க வீட்டம்மாதானே? உங்க கூடவே ஏறினாங்களே.”

பயம்தான். ஆனாலும்... கண்ணாடியை இன்னொரு முறை பார்த்தேன்.

“ஆமாங்க,” என்றேன். “என் வீட்டுக்காரிதான்.”

5:59. ஷோரூம். நான் இறங்கினேன். பின் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. டப்.

தானே சாத்திக்கொள்வது அந்தக் காரின் விசேஷமாம். தானே திறந்துகொள்ளும் வசதி அதற்குக் கிடையாது.

வீட்டுக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “உள்ள வா” என்றேன். தூக்கம் வரும்வரை பேசினேன். நான்கு வருடப் பேச்சு.

மறுநாள் காலை 10:15. விற்பனையாளரின் போன்.

“அம்மா என்ன சொன்னாங்க சார்? வண்டி புடிச்சுதா?”

“நீங்கதானே பேசினீங்க. நீங்களே சொல்லுங்க.”

“கூரைதான் சார் இடிக்குது. பின்னாடி சரிவா இருக்கில்ல? அம்மா உயரத்துக்குப் பத்தல. வழி பூரா கழுத்த மடிச்சு, தலையத் தோள்மேல சாச்சு வச்சுக்கிட்டே வந்தாங்க, பாவம். இறங்கி உங்க பின்னாலயே நடந்தப்பகூட... கழுத்து நிமிரவே இல்ல சார்.”

என் மனைவி என் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

போனை வைத்தேன்.

கூடத்தில்... கிரீச்.

மூன்று மாதம் ஆகிறது. ‘போ’ என்று இன்னும் சொல்லவில்லை.

பயத்தினால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.