கழுவாமல் விட்ட பஞ்சு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் டைப்பிஸ்டாக இருந்தேன். எனக்குச் சுத்தம் ஒரு வியாதி. குடித்த டம்ளரை மூன்று முறை கழுவுவேன். ஆயுத பூஜைக்கு முன்னால் பட்டறையைக் கழுவித் துடைக்கும் பொறுப்பு அதனால்தான் என் தலையில் விழுந்தது.

முதலாளியின் அறையில் கடல் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. பழவேற்காட்டிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களை வளர்த்தார். வெளியூர் கிளம்பும்போது, "உங்கள நம்பித்தாம்மா விட்டுட்டுப் போறேன்" என்றார். தீனி போடத்தான் சொன்னார். ஆனால் பூஜை வருகிறதே, தொட்டி மட்டும் அழுக்காக இருக்கலாமா?

மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு பக்கெட்டுகளில் விட்டேன். மணலையும் கற்களையும் குழாயடியில் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினேன். மோட்டாரில் தண்ணீரை வடிகட்டும் பஞ்சை மட்டும் லேத் ஓட்டும் அண்ணனிடம் கழுவக் கொடுத்தேன். ஐம்பதை நெருங்கியவர்; குனிந்து செய்யும் வேலை என்றாலே அவருக்கு ஆகாது. மாலையில் பார்த்தால், பழுப்புச் சகதியோடு அது அப்படியே ஒரு பக்கெட்டில், மிச்சமிருந்த தொட்டித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. "கை என்ன தேஞ்சா போயிடும்?" என்று கத்திவிட்டு, புதுப் பஞ்சைப் பொருத்தி, மீன்களைத் திரும்பத் தொட்டியில் விட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மீன் விற்ற கொளத்தூர் கடைக்காரருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த அழுக்குலதாம்மா தண்ணியச் சுத்தம் பண்ற கிருமிங்க இருக்கும். மொத்தத்தையும் கொன்னுட்டீங்க. கழுவாதது எதுனா மிச்சம் கீதா?"

இருந்தது. பக்கெட்டுக்கு ஓடினேன். அண்ணன் அந்தப் பஞ்சை மோட்டாரில் மாட்டினார். கேனிலிருந்த கடல் தண்ணீரை ஊற்றிப் பாதித் தண்ணீரை மாற்றினோம்.

"இதுக்காமா நேத்து அந்தத் திட்டு திட்டினே?" என்றார்.

மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. மீன்கள் அடியில் இறங்கி ஒன்றையொன்று விரட்டின. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். அழுகையும் சேர்ந்து வந்தது.

பூஜையன்று வந்த முதலாளி, "தொட்டி பளிச்சுனு இருக்கேம்மா" என்றார். மறைக்க மனம் வரவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். அண்ணன் பொரியை மென்றுகொண்டே, திட்டம் போட்டுச் செய்தவர் மாதிரி தலையாட்டினார்.

அடுத்த வருஷம் பூஜைக்கு முன்னால் சோப்புத்தூளும் பிரஷுமாக அந்த அறைக்குள் நுழைந்தேன். தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"நீ போயி உன் டைப் மிஷினத் தொடச்சிக்கோமா. இத்த நான் கழுவிக்கிறேன்."

அவர் கழுவமாட்டார் என்று எனக்குத் தெரியும். நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.