சீல் வைக்காத சீட்டு

நடந்தவை வரிசையாக:

1. துடியலூரில் ஒரு மருந்துக்கடையில் நான் மருந்தாளுநர். கடுமையான வலி மாத்திரை கொடுத்தால் மருத்துவரின் சீட்டில் சீல் வைக்க வேண்டும். அதே சீட்டைக் காட்டி வேறு கடையில் வாங்காமல் இருக்கத்தான் அது.

2. ஒரு கல்லூரிப் பெண் சீட்டோடு வந்தாள். "அம்மாவுக்கு இடுப்பு வலிங்க்கா. சீல் வெக்காதீங்க, மறுபடி வாங்கோணும்" என்றாள். அவ்வளவு மரியாதையான பெண். நான் வைக்கவில்லை. மூன்று முறை.

3. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போனேன். போதைக்கு அடிமையான இரண்டு காதலர்களின் கதை.

படத்தில் அந்தப் பெண் ஒரே சீட்டோடு கடை கடையாக ஏறினாள். காதலன் வெளியே பைக்கில் காத்திருந்தான். எங்கள் கடை வாசலிலும் ஒருவன் பைக்கை அணைக்காமல் நிற்பான். படத்துக் கடைக்காரி சிரித்தபடி சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள், என்னைப் போலவே.

பக்கத்து இருக்கை அம்மா என் பக்கம் சாய்ந்தார். "ஏனுங்க அம்மணி, அந்த மருந்துக்கடைக்காரிக்குக் கண்ணு தெரியாதுங்களா?"



செவ்வாய்க்கிழமை அந்தக் கல்லூரிப் பெண் மறுபடி வந்தாள். சீட்டை வாங்கிக்கொண்டு, "அம்மாவுக்கு இடுப்பு இப்ப எப்படி இருக்கு கண்ணு?" என்று கேட்டேன்.

"யாருக்குங்க்கா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "உள்ள வந்து உக்காரு, பேசலாம்" என்றேன். சீட்டைத் திரும்பக்கூட வாங்காமல் ஓடிப்போய் பைக்கில் ஏறிவிட்டாள்.

இப்போது எல்லாச் சீட்டிலும் சீல் வைக்கிறேன். அந்த மருத்துவருக்கும் பக்கத்துக் கடைகளுக்கும் சொல்லிவிட்டேன். அவள் வரவில்லை. அவள் விட்டுப்போன சீட்டில் இருப்பது அறுபது வயதுப் பெண் ஒருவரின் பெயர். அந்தக் கல்லூரிப் பெண்ணின் பெயரை நான் கேட்டதே இல்லை.