மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, மூணு விதமா ஒரு மனுசன்

ஊசி போடுகிறவளுக்கு ஊரில் பாதிப் பேருடைய இடுப்பு தெரியும். முகம்தான் சட்டென்று நினைவுக்கு வராது. அறந்தாங்கியில் ஒரு தனியார் கிளினிக்கின் ஊசி ரூமில் காலம் தள்ளுகிறேன். சிரிப்பை மாஸ்க்குக்குள் அடக்கி அடக்கியே தாடை வலி கண்ட சிஸ்டர்மாரே, இது உங்களுக்கு.

ஆளின் பெயரை மாற்றிவிட்டேன்: ரவி. வளைகுடாவில் வேலை பார்த்தபோது மூளைக்கு அடியில் சின்னக் கட்டி வந்து எடுத்தார்கள். அதோடு உடம்பு ஆண் ஹார்மோன் சுரப்பதை நிறுத்திக்கொண்டது. ஊர் திரும்பி சிமெண்டுக் கடை வைத்தவருக்கு எங்கள் டாக்டர் மூன்று வாரத்துக்கு ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதினார். பிடித்தது எனக்குச் சனி.

சத்து ஊசி

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஊசி ரூமுக்குள் வருவார். யார் கேட்டாலும் சத்து ஊசி என்று சொல்ல வேண்டுமாம். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் வெட்கப்படாத ஊரில் இதற்கு மட்டும் ஏன் ஒளிவுமறைவு என்றால், ஆம்பளைக்கு மானம் இருக்கிறதாம். அந்த மானத்துக்காக நானும் பொய் சொன்னேன். ஒருநாள் அவர் போனதும், வெளியே பெஞ்சில் காத்திருந்த பக்கத்துத் தெரு அம்மா உள்ளே வந்து சொன்னார்: "எனக்கும் ரவித் தம்பிக்குப் போட்ட சத்து ஊசியவே போடு தாயி. மீசையெல்லாம் எப்புடி ஏறி நிக்கிது பாரு!"

எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி

அடுத்து வந்தவர் அவருடைய மனைவி செல்வி. ஊசி போட்ட வாரம் புருஷன் விடியுமுன்னே எழுந்து நன்றாயிருந்த கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாராம். புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டரின் சட்டையைப் பிடித்தாராம். மூன்றாவது வாரம் கடைச் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, டிவியில் யாரோ அழுதால் இவரும் அழுகிறாராம். பிள்ளைகள் அப்பா எந்த வாரத்தில் இருக்கிறார் என்று பார்த்துத்தான் பேசுகிறார்களாம். செல்வி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நடு வாரம் மட்டுந்தான் சிஸ்டர் எனக்குத் தாலி கட்டுன மனுசன். மத்த ரெண்டு பேரும் யாருன்னே தெரியல. இப்புடியே போனா புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஆலங்குடிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

நூற்றுக்கு நூறு

விஷயம் டாக்டரிடம் போனது. அடுத்த ஊசிக்கு முன்னால், ஹார்மோன் இறங்கியிருக்கும் நேரத்தில் ரத்தம் கொடுக்கச் சொன்னார். நம்மவர் ஊசி போட்ட கையோடு, புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி ஒரு லேபில் கொடுத்துவிட்டு வந்தார். அளவு எகிறிக் கிடந்தது. அவரோ ரேங்க் கார்டைப் போல அதை நீட்டினார். நோயாளிக்கு ரெண்டு நிமிஷம் என்று கணக்கு வைத்திருக்கும் எங்கள் டாக்டர், எந்த நாள் எடுத்தது என்று கேட்காமலே டோஸைப் பாதியாக்கினார். அழுகை வாரம் ஒன்று என்பது இரண்டானது. நான் விசாரித்து டாக்டரிடம் சொல்லிப் பழைய டோஸுக்கே கொண்டுவந்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றதற்கு ரவி சொன்னார்: "பரீட்சைன்னா படிச்சிட்டுத்தான சிஸ்டர் போகணும்? வெறும் ஒடம்போடயா போறது?"

மாலை போட்ட சாமி

கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டார். ஆளையே காணோம். போன் செய்தால், விரதத்தில் இருப்பவன் 'அந்த மாதிரி' ஊசி போடலாமா என்று என்னையே கேட்டார். எலும்புக்கும் ரத்தத்துக்கும் மனசுக்கும் அதுதான் தெம்பு என்று தொண்டை வற்றச் சொன்னேன். சாமி கேட்கவில்லை. மலையில் பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டவரை இரண்டு பேர் தாங்கித் தூக்கிப் போனார்களாம்.

ஊர் திரும்பினால் வீடு பூட்டிக் கிடந்தது. செல்வி சொன்னபடியே ஆலங்குடிக்குப் போய்விட்டார். ஹெல்மெட் இல்லாமல், வெளுத்த முகத்தோடு கிளினிக்குக்கு வந்து நின்றார் ரவி. எனக்குப் பாவமாக இருந்தது. அவர் வாயைத் திறக்கும் வரைதான். "விட்டுப்போனதயும் சேத்துப் போட்டுருங்க சிஸ்டர். இடுப்பு ரெண்டு இருக்குல்ல!"

செல்வியின் நிபந்தனை

இந்த முறை டாக்டர் உட்கார்ந்து பேசினார். மூன்று வாரத்து மருந்தைப் பிரித்து வாரா வாரம் கொஞ்சமாகப் போட்டால் ஏற்ற இறக்கம் அடங்கும் என்றார். வாரா வாரம் வந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று இழுத்தார் ரவி. ஆலங்குடியிலிருந்து வந்த செல்வி, ஊசியைத் தானே வீட்டில் போடுவதென்றால் திரும்பி வருவதாகச் சொன்னார். டாக்டர் சம்மதித்தார். செல்வி ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகி, பிறகு புருஷன் தொடையில் கை நடுங்காமல் போட்டார். நடுங்கியது தொடைதான்.

சில மாதம் கழித்து, சரியான நாளில் எடுத்த ரத்த ரிப்போர்ட்டோடு செல்வி வந்தார். அளவு கச்சிதம். வீட்டில் எப்படி என்று கேட்டேன்.

"அழுகை நின்னுருச்சு சிஸ்டர். கோவம் பாதிதான் கொறஞ்சிருக்கு. மீதி இவுகளோடதுதான் போல. இருந்துட்டுப் போகுது, ஊசியோட சண்ட போட முடியாது, மனுசனோட போடலாம்ல!"

ஹார்மோன் எவ்வளவு என்று லேப் சொல்லிவிடும். வீம்பு எவ்வளவு என்று சொல்ல வீட்டுக்காரிதான் வர வேண்டியிருக்கிறது.